தூக்குவது எஞ்சின் அல்ல, இறக்கை

நடுவானில் எஞ்சின் நின்றுபோனால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாதா? பலருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இது. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

விழாது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை. எஞ்சின் முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. மோதுகிற காற்றைக் கீழே திருப்பிவிடுகிறது. பதிலுக்குக் காற்று அதை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஆனால் பட்டத்துக்குக் காற்று வீச வேண்டும். விமானம் தானே ஓடித் தனக்கு வேண்டிய காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. ரன்வேயில் அத்தனை வேகமாக ஓடுவது அதற்குத்தான்.

இறக்கையின் வளைவும் சாய்வும் சேர்ந்து மேல்பக்கக் காற்றை வேகமாக ஓட வைக்கின்றன. அங்கே அழுத்தம் குறைகிறது, அடியில் கூடுதலாக இருக்கிறது. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது விரைகிறது என்று சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது சரியல்ல. மேல்காற்று கீழ்க்காற்றுக்கு முன்பே பின் விளிம்பைத் தாண்டிவிடுகிறது.

இந்த அழுத்த வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? ஏர்பஸ் ஏ320 விமானம் அதிகபட்சம் சுமார் 78 டன் எடையோடு கிளம்பும். இறக்கைப் பரப்பு ஏறக்குறைய 122 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர மீட்டர் சுமப்பது 640 கிலோ. தரைமட்டத்தில் காற்று அதே ஒரு சதுர மீட்டரை அழுத்துவதோ பத்து டன்னுக்கு மேல். அதில் ஆறு சதவீதம் வித்தியாசம் கிடைத்தாலே முழு விமானமும் எழும்பிவிடுகிறது!

அப்படியானால் இறக்கையை இன்னும் சாய்த்தால் இன்னும் தூக்குமா? தூக்கும், சுமார் 15 டிகிரி வரை. அதைத் தாண்டினால் மேல்பக்கக் காற்று இறக்கையோடு ஒட்டி ஓடாமல் பிய்ந்துபோகும், தூக்குவிசை சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடும்போதும் இது நேரலாம். மீள்வதற்கு விமானி முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும்.

திருப்புவதும் காற்றை வைத்துத்தான். இறக்கை நுனியருகே பின் விளிம்பில் இருக்கும் ஏலிரான்கள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கி, விமானத்தை ஒருபக்கம் சாய்க்கும். சாய்ந்த பக்கமே விமானம் திரும்பும். வாலில் கிடையாக இருக்கும் எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும்; நெட்டுக்குத்தாக நிற்கும் ரடர் மூக்கை இடவலமாகத் திருப்பும். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று வெற்றி பெற்றதற்குப் பெரிய காரணம் இந்தக் கட்டுப்பாடுதான். அவர்களுடைய எஞ்சினின் சக்தி வெறும் 12 குதிரைத்திறன்.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 24 சாட்சி. அட்லாண்டிக் கடலுக்கு மேல், ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 விமானத்தில் எரிபொருள் கசிந்து தீர்ந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றன. உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டே அது சுமார் 120 கிலோமீட்டர் மிதந்து அசோரஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

அடுத்த பயணத்தில் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னல் சீட் கேட்டு வாங்குங்கள். இறங்கும் முன் பின் விளிம்பில் ஃபிளாப்கள் நீண்டு கீழே வளையும்; குறைந்த வேகத்திலும் இறக்கை தாங்குவதற்காக. சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கைமேல் சில தகடுகள் படாரென்று நிமிரும். அவை ஸ்பாய்லர்கள். காற்றுக்குத் தடை போடுவதோடு தூக்குவிசையையும் கெடுத்துவிடுகின்றன. அப்போதுதான் முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்து பிரேக் பிடிக்கும்.