பிளகினைக் கழற்றும் முன் டெர்மினலைத் திறவுங்கள்

விஎஸ் கோட் திரையின் இடது ஓரத்தில் கிளை பிரிவதுபோல ஒரு சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால், கடைசி கமிட்டுக்குப் பிறகு எந்தெந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்ற பட்டியல் விரியும். ஒரு வரிக் குறிப்பெழுதிக் கமிட் செய்து, புஷ் கொடுத்தால் மாற்றங்கள் சர்வருக்குப் போய்ச் சேரும். நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் காத்துவைக்கும் கிட் என்ற மென்பொருளை எடிட்டருக்குள்ளிருந்தே இயக்க உதவும் பிளகின் இது. ஒரு நாள் பட்டியல் காலியாகக் கிடக்கும், அல்லது புஷ் போகாது. அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: பிளகினைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவது. இது அரிதாகவே பலிக்கிறது. காரணம், வேலை நடக்கும் இடம் பெரும்பாலும் பிளகின் அல்ல. எய்தவன் இருக்க அம்பை நோகும் கதைதான்.

லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய கிட், அடிப்படையில் கட்டளை வரியில் இயங்கும் நிரல். அதன்மேல் உட்காரும் பிளகின்கள் இரண்டு வகை. விஎஸ் கோடிலும் இன்டெலிஜேயிலும் இருப்பவை முதல் வகை. கணினியில் ஏற்கெனவே உள்ள கிட்டைத் தேடிப் பிடித்து, பயனருக்குப் பதிலாகக் கட்டளை கொடுத்து, வந்த பதிலைப் பட்டியலாகக் காட்டுகின்றன. எக்லிப்ஸின் ஈகிட் இரண்டாம் வகை. கமிட், புஷ் போன்ற வேலைகளுக்கு அது கிட்டைக் கூப்பிடுவதில்லை. ஜாவாவில் புதிதாக எழுதப்பட்ட ஜேகிட் என்ற நூலகத்தைக் கொண்டு, கிட் பதிப்புகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தைத் தானே படிக்கிறது. நம் பிளகின் எந்த வகை என்று தெரியாமல் பழுது தேடுவது, எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்று கேட்காமல் பல்பு மாற்றுவதுதான்.

அதனால் முதல் சோதனை எளியது. பிளகினில் தவறிய அதே வேலையை, அதே கோப்புறையில், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் செய்து பார்க்க வேண்டும். அங்கேயும் தவறினால் பிளகின் நிரபராதி. கடந்த சில ஆண்டுகளில் பலரைத் தவிக்கவிட்ட கோளாறுகள் இந்த ரகம்தான். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப், கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். பழைய கடவுச்சொல் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரிலோ மேக்கின் கீசெயினிலோ பத்திரமாக உட்கார்ந்திருக்கும்; பிளகினை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் அந்தப் பெட்டகத்தை அது தொடாது. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2, வேறொரு பயனருக்குச் சொந்தமான கோப்புறையில் வேலை செய்ய மறுத்தது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான். ஆனால் டாக்கரிலும் வெளி வட்டிலும் வேலை செய்தவர்களுக்கு, எடிட்டரின் பக்கப் பலகை களஞ்சியமே இல்லாததுபோல வெறுமையாகிவிட்டது. டெர்மினலில் அதே கட்டளையைக் கொடுத்தால் கிட் காரணத்தைச் சொல்லி, விதிவிலக்குச் சேர்க்கும் கட்டளையையும் கீழேயே எழுதிக் காட்டியது.

டெர்மினலில் ஓடி, பிளகினில் மட்டும் தவறினால்தான் உண்மையான துப்பறிதல் தொடங்குகிறது. விஎஸ் கோடில் அவுட்புட் பலகையைத் திறந்து, மேலே உள்ள பட்டியலில் கிட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், பிளகின் கொடுத்த ஒவ்வொரு கட்டளையும், அது எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்பதும் வரிவரியாகத் தெரியும். எந்தப் பாதையிலிருக்கும் கிட்டை, எந்தப் பதிப்பை அது பிடித்திருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். ஒரே கணினியில் இரண்டு கிட் இருந்து, டெர்மினல் ஒன்றையும் எடிட்டர் மற்றொன்றையும் பயன்படுத்துவது அபூர்வமல்ல. எஸ்எஸ்ஹெச் சாவிக்குக் கடவுத்தொடர் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல்: டெர்மினல் அதைக் கேட்டு வாங்கிவிடும்; பின்னணியில் ஓடும் கட்டளைக்குக் கேட்க இடமில்லாமல் போகலாம். சாவியை எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டில் ஏற்றிவைத்தால் தீரும்.

பிளகினே குற்றவாளியாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இருக்கலாம், இருந்திருக்கிறது. 2018இல், எஸ்எஸ்ஹெச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் 7.8 பதிப்பு, புதிய சாவிகளை வேறொரு வடிவத்தில் எழுதத் தொடங்கியது. எஸ்எஸ்ஹெச் இணைப்புக்காக எக்லிப்ஸுக்குள் இருந்த ஜேஎஸ்சிஹெச் நூலகத்துக்கு அந்த வடிவம் புரியவில்லை. நல்ல சாவியையே செல்லாது என்றது. அதற்கும் மருந்து அதே பதிப்பை மறுபடி நிறுவுவது அல்ல. சாவியைப் பழைய வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது, அல்லது அப்பாச்சி மினா நூலகத்துக்கு மாறிய புதிய ஈகிட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இது கிட்டோடு பிறந்த தலைவலியும் அல்ல. கிட்டைப் போலப் பதிப்புகளைக் காக்கும் சப்வெர்ஷனின் 1.7 பதிப்பு 2011இல் வந்தபோது, அதன் விண்டோஸ் கருவியான டார்டாய்ஸ் எஸ்விஎன்னில் மேம்படுத்திய கோப்புறையைப் பழைய எக்லிப்ஸ் பிளகின் திறக்க மறுத்தது. பழைய வடிவத்துக்குத் திருப்பும் கட்டளையும் கிடையாது.

டெர்மினலைத் தொடாமல் இருக்கத்தானே பிளகின் என்பது அடுத்த கேள்வி. அன்றாட வேலைக்கு அது சரி. சோதிக்கத் தேவைப்படுவதோ பதிப்பைக் கேட்கும் கட்டளை, ஸ்டேட்டஸ், பிறகு தவறிய அந்த ஒன்று, அவ்வளவுதான். மறுபடி நிறுவினால் சில நேரம் சரியாகிறதே என்பதும் உண்மை. விண்டோஸில் எடிட்டர் திறந்திருக்கும்போதே கிட்டை நிறுவினால், எடிட்டரின் கையில், நிரல்களைத் தேடும் பழைய பாதைப் பட்டியல்தான் இருக்கும். மூடித் திறந்ததும் சரியாகிவிடும். நிறுவியது காரணமல்ல, மூடித் திறந்ததுதான். கழற்றி மாட்டும் பழக்கம் களஞ்சியம்வரை நீண்டால் ஆபத்தும் உண்டு. பாதியில் நின்ற கட்டளை விட்டுப்போன ஒரு பூட்டுக் கோப்பு போதும், கமிட் நின்றுவிடும். வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அந்த ஒரு கோப்பை அழித்தால் முடிந்தது. அதற்குப் பதில் மறைந்திருக்கும் கிட் கோப்புறையையே அழிப்பவர்கள், சர்வருக்குப் போகாத கமிட்டுகளையும் ஸ்டாஷில் ஒதுக்கிவைத்ததையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால், ‘கிட் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். பதிப்பு எண், கொடுத்த கட்டளை, வந்த பிழைச் செய்தி முழுவதையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். அதில் வரும் களஞ்சிய முகவரிக்குள் டோக்கன் இருந்தால் அதை மட்டும் அழித்துவிடுங்கள்.