அறுபதுக்குமேல் மிதிவண்டிப் பயணம்

மிதிவண்டி இளைஞர்க்கே உரியது என்று எண்ணுவோர் பலர். பிரான்சு நாட்டு இராபர்ட் மர்ச்சான் என்னும் முதியவர், 2012-ஆம் ஆண்டில், தம் நூறாவது வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். முறையாகப் பயின்று, 2014-இல் அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். முதுமையிலும் பயிற்சி பயன் தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அவரோடு எங்களை ஒப்பிடுதல் தகாது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் ஐவர் 2023 சனவரியில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை, தேவகோட்டை, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரம் சென்றோம். நான்கு நாள் வழி. விடுதிக் கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்தும் நிலையில் இருந்த கல்லூரி மாணவியர் இருவருக்குப் பொருள் திரட்டுவதே எங்கள் நோக்கம்.

இத்தகைய பயணங்களில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை அறிவிக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் அதனை ஏற்கவில்லை. 'நான் நின்றுவிட்டால் நன்கொடை குறையுமே' என்னும் எண்ணம் வந்துவிட்டால், முதியவர் நெஞ்சுவலியையும் மறைத்து மிதிப்பார். எனவே, தொகை முழுவதையும் புறப்படுமுன்னரே பெற்று வங்கியில் இட்டோம். வேறு ஏற்பாடுகள் எல்லாவற்றினும் இதனையே நான் சிறந்ததாகக் கருதுகிறேன்.

மாணவர்களே, இனிக் காற்றின் கணக்கைப் பாருங்கள். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்பவர் 20 கிலோமீட்டராக விரைந்தால், தடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். மிச்சமாகும் நேரமோ நான்கில் ஒரு பங்குதான். மேலும், எதிர்க்காற்றும் 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், வண்டி 15-இல் சென்றாலும் உடல் 30 கிலோமீட்டர் வேகக் காற்றை எதிர்க்க வேண்டும்! சனவரியில் வீசுவது வாடைக்காற்று. இராமநாதபுரத்திற்கு அப்பால் சாலை கிழக்கே திரும்புகிறது. அங்கே காற்று முகத்தில் அறைந்தது. ஆகவே ஒருவர் பின் ஒருவராகச் சென்றோம். முன்செல்பவர் காற்றைப் பிளக்க, பின்வருவோர்க்கு உழைப்புக் குறையும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னிடத்தை மாற்றிக்கொண்டோம்.

வயது ஏற ஏற, இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவு குறைகிறது. தாக உணர்வும் மங்குகிறது. ஆதலின் தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், மணி பார்த்து நீர் அருந்தினோம். இதயத்தின் உழைப்பை அறிய எளிய வழி பேச்சே. மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் பொருத்தமானது. எங்களுள் வரலாற்றாசிரியர் ஒருவர்; வகுப்பில் மணி அடித்த பின்னும் பேச்சை நிறுத்தாதவர். உச்சிப்புளியை நெருங்கியபோது அவர் பேச்சு நின்றது. உடனே நாங்கள் அனைவரும் இறங்கிவிட்டோம்.

அரைமணி நேரம் நிழலில் இருந்தும் அவர் களைப்பு நீங்கவில்லை. "நன்கொடைக்குக் குறைவில்லையே?" என்று கேட்டார். இல்லை என்றோம். மறுசொல் இன்றிப் பேருந்தில் ஏறினார். அவருக்குத் துணையாக இன்னொருவரும் ஏறினார். இருவர் வண்டிகளும் ஒரு சிற்றுந்தில் பின்தொடர்ந்தன.

எஞ்சிய மூவரும், 1988-இல் திறக்கப்பெற்ற பாம்பன் சாலைப் பாலத்தை அடைந்தோம். பக்கக் காற்று வண்டியைச் சாய்த்தது. பாலத்தின் பெரும்பகுதியை இறங்கி நடந்தே கடந்தோம். மாணவியர் இருவருடைய கட்டணமும் அந்த வாரமே செலுத்தப்பட்டது.