பீன்ஸ் பயிரிடல்

பீன்ஸ் (பிரஞ்சு அவரை) என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த குறுகிய காலக் காய்கறிப் பயிர் ஆகும். இதன் தாவரவியல் பெயர் பேசியோலசு வல்காரிசு என்பதாகும். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் இது பெரிதும் பயிரிடப்படுகிறது. கோயம்புத்தூர் சமவெளியிலும் குளிர்காலத்தில் பயிரிடலாம். இப்பயிர் குளிர்ந்த தட்பவெப்பத்தை விரும்புகிறது. ஆயினும் உறைபனியைத் தாங்குவதில்லை. ஆகவே விதைக்கும் காலமே விளைச்சலைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வரலாறு

பீன்ஸின் தாயகம் நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் ஆண்டீய மலைப்பகுதியும் ஆகும். 16ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவை அடைந்தது. பின்னர் ஐரோப்பியர் வழியாக இந்தியாவிற்கு வந்தது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குச் சென்றார். அங்கு உருளைக்கிழங்கு உள்ளிட்ட ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடும் வழக்கத்தை அவர் தொடங்கி வைத்தார். நீலகிரி 1868இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனினும் நீலகிரிக் காய்கறிகளுக்கு அடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் இன்றும் முக்கியச் சந்தையாக விளங்குகிறது.

தட்பவெப்பம்

பீன்ஸ் நன்கு வளர 15 முதல் 25 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை ஏற்றது. மண்ணின் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழ் இருந்தால் விதை முளைப்பதில்லை. குளிர்ந்த ஈர மண்ணில் விதை நீரை உறிஞ்சி, முளைக்காமலேயே அழுகிவிடும். மாறாக, பூக்கும் காலத்தில் வெப்பம் 30 பாகைக்கு மேல் நீடித்தால் பூக்களும் பிஞ்சுகளும் உதிரும். செடி பசுமையாக நின்றாலும் காய் பிடிக்காது.

உறைபனியின் பாதிப்பு முளைக்கும் முறையோடு தொடர்புடையது. பட்டாணி முளைக்கும்போது அதன் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நுனி கருகினாலும் கீழிருந்து மீண்டும் தளிர்க்க அதற்கு வாய்ப்பு உண்டு. பீன்ஸில் விதையிலைகள் மண்ணுக்கு மேலே வந்துவிடுவதால் வளர்நுனிகள் அனைத்தும் பனியில் அகப்படுகின்றன. ஒரே இரவில் நாற்று முழுதும் மடிந்துபோகக்கூடும்.

விதைக்கும் பருவம்

உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் கோயம்புத்தூர் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. இவ்வுயர வேறுபாட்டினால் ஒரே விதைக்கு இரு பருவங்கள் அமைகின்றன.

மலைப்பகுதி: பிப்ரவரி - மார்ச்சு (மாசி மாதத்தை ஒட்டி). உதகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி பெய்வதுண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். ஆகவே பள்ளத்தாக்கிலுள்ள தோட்டங்களில் மேட்டு நிலத்தைவிடத் தாமதமாக விதைப்பது பாதுகாப்பானது.

சமவெளி: அக்டோபர் - நவம்பர் (ஐப்பசி மாதத்தை ஒட்டி). விதைத்த ஐந்து அல்லது ஆறு வாரங்களில் பயிர் பூக்கத் தொடங்கும். இக்காலத்தில் விதைத்தால் பூக்கும் காலம் குளிர்ந்த திசம்பர், சனவரி மாதங்களில் அமையும். சனவரி இறுதியில் விதைத்தால் பூக்கள் மார்ச்சு வெப்பத்தில் அகப்பட்டு உதிரும்.

நாட்டு அவரையின் பருவத்தைப் பீன்ஸுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆடிப்பட்டத்தில் விதைக்கும் பழைய அவரை வகைகள் பகற்பொழுது குறையும்போது பூப்பவை. இன்றைய பீன்ஸ் வகைகளில் பெரும்பாலானவை பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு வெப்பநிலையே முக்கியம்.

விதைக்கும் முறை

நீர் தேங்காத, மட்கு நிறைந்த மண் ஏற்றது. மலை மண் மிகுந்த அமிலத்தன்மை கொண்டிருப்பின் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்ய வேண்டும். நிலத்தை நன்கு கொத்தித் தொழுவுரம் இட்டு, விதைகளை 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்ற வேண்டும். பீன்ஸின் வேர்கள் இடமாற்றத்தை எளிதில் தாங்காததால் நாற்றுவிட்டு நடுவது வழக்கமில்லை. மலையில் 30 x 15 சென்டிமீட்டர் இடைவெளியும், சமவெளியில் 45 x 30 சென்டிமீட்டர் இடைவெளியும் விடப்படுகின்றன.

பீன்ஸில் செடி வகை, கொடி வகை என இரண்டு உண்டு. அர்கா கோமல் போன்ற செடி வகைகளுக்குப் பந்தல் தேவையில்லை. அவை விரைவில் காய்த்துச் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். கென்டக்கி வொண்டர் போன்ற கொடி வகைகளுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரக் குச்சிகள் ஊன்ற வேண்டும். அவை தாமதமாகத் தொடங்கி நீண்ட நாள் காய்க்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆராய்ச்சி நிலையங்களும் பீன்ஸ் வகைகளை வெளியிட்டுள்ளன.

வீட்டுத் தோட்டத்தில் முழு விதையையும் ஒரே நாளில் ஊன்றாமல், இரு வார இடைவெளியில் பகுதி பகுதியாக விதைப்பது நன்று. எதிர்பாராத பனியோ வெப்பமோ தாக்கினாலும் எல்லாச் செடிகளும் அழியாது. காயும் தொடர்ந்து கிடைக்கும்.

பராமரிப்பும் அறுவடையும்

பயறு வகைப் பயிராயினும் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தும் திறன் பீன்ஸுக்குக் குறைவு. ஆகவே உரமிடுதல் தேவைப்படுகிறது. பூக்கும் காலத்தில் மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த ஈரக் காலத்தில் துரு நோயும் விதை வழியே பரவும் ஆந்த்ரக்னோசு நோயும் தோன்றுகின்றன. நோயற்ற விதையைத் தேர்ந்தெடுப்பதும், இலைகள் நனைந்திருக்கும்போது செடிகளைத் தொடாதிருப்பதும் நோய் பரவுவதைக் குறைக்கும்.

செடி வகைகளில் தட்பவெப்பத்தைப் பொறுத்து 45 முதல் 60 நாட்களில் முதல் பறிப்பு கிடைக்கும். உள்ளிருக்கும் விதை புடைக்குமுன் காய்களைப் பறிக்க வேண்டும். முற்றிய காய்களைச் செடியிலேயே விட்டுவிட்டால் புதிய பூக்கள் தோன்றுவது குறைந்துவிடும்.