ஃபோர்க்லிப்ட் காட்டும் எண்கள்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிய பின், திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகளும் கிடங்குகளும் பெருகிவிட்டன. அங்கெல்லாம் பாரம் தூக்கி அடுக்கப் பேட்டரியால் ஓடும் ஃபோர்க்லிப்ட் வண்டிகளைக் காணலாம். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரெனத் தளர்ந்தோ நின்றோ போய், ஓர் எண்ணைக் காட்டினால் என்ன செய்வது? அந்த எண்ணே பழுதான உறுப்பின் பெயர் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. கட்டுப்பாட்டுப் பெட்டி தான் உணர்ந்த கோளாற்றை மட்டுமே சொல்கிறது. காரணம் வேறிடத்தில் இருக்கலாம்.

எண்களின் பொருள் வண்டிக்கு வண்டி மாறும். பலவற்றில் பொருத்தப்படும் கர்டிஸ் 1234, 1236, 1238 மாதிரிப் பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் சிவப்பு, மஞ்சள் என இரு சிறு விளக்குகள் உண்டு. சிவப்பு ஒருமுறை மின்னினால் அடுத்து வருவது முதல் இலக்கம். இருமுறை மின்னினால் இரண்டாம் இலக்கம். மஞ்சள் எத்தனை முறை மின்னுகிறதோ அதுவே அந்த இலக்கம். சிவப்பு ஒன்று, மஞ்சள் இரண்டு. பிறகு சிவப்பு இரண்டு, மஞ்சள் மூன்று என்றால் 23.

23 என்பது மின்னழுத்தக் குறைவு. 48 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் 24 செல்கள். வண்டி சும்மா நிற்கையில் மீட்டர் 48க்கு மேலேயே காட்டக்கூடும். உடனே, 'பேட்டரி நன்றாயிருக்கிறது, பெட்டிதான் போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாரத்தைத் தூக்கும்போதல்லவா அளக்க வேண்டும்! ஒரு செல் நலிந்திருந்தாலும், பேட்டரி கனெக்டர் கருகியிருந்தாலும் அப்போது மின்னழுத்தம் சரிந்துவிடும். ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் பார்த்தால் நலிந்த செல் அகப்படும். விலையுயர்ந்த பெட்டியை மாற்றிய பிறகும் அதே 23 வந்தால் யாரை நோவது?

47 சற்று வேடிக்கையானது. வண்டியில் பழுதே இல்லாமலும் வரும். சாவியைத் திருப்புமுன்பே ஆக்சிலேட்டரை மிதித்திருந்தால் வண்டி நகர மறுக்கும்; காலை எடுத்துவிட்டு முறைப்படி தொடங்கினால் சரியாகும். மிதிக்காமலே வந்தால் பெடலையும் இருக்கைச் சுவிட்சையும் சோதிக்க வேண்டும். சிலர் அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிடுகின்றனர். எண் மறைந்துவிடும், ஆனால் ஓட்டுநர் இறங்கிய பின்னும் வண்டி நகரக்கூடும். இதைப் பழுதுபார்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பெட்டியைத் தொடுமுன் ஓட்டுச் சக்கரங்கள் தரையில் படாதவாறு வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுப்பதும், மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவைப்பதும் அவசியம். பேட்டரி இணைப்பைப் பிரித்த பின்னும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை மின்தடை ஒன்றின் வழியே வடித்த பிறகே கை வைக்க வேண்டும்.