டெம்ப் அடைவை நம்பிக் கோப்பு வைக்காதீர்கள்

லினக்ஸில் டெம்ப் அடைவு என்றால் வன்தட்டின் ஒரு பகுதி என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். ஃபெடோரா அதை 2013 ஜனவரியில் வந்த 18ஆம் பதிப்பிலேயே ராமுக்கு மாற்றிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் அதே வழியில் போயிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டெம்ப்எஃப்எஸ் என்று பெயர். வேகம் கூடும், எஸ்எஸ்டியின் தேய்மானம் குறையும். ஆனால் மின்சாரம் போனாலோ கணினியை அணைத்தாலோ அதிலுள்ள அத்தனையும் போய்விடும். மீட்பு மென்பொருளாலும் பயனில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டெம்ப்எஃப்எஸ்ஸின் இயல்பான உச்சவரம்பு ராமில் பாதி. 8 ஜிபி ராம் உள்ள கணினியில் 4 ஜிபி வரை கோப்புகளே பிடித்துக்கொள்ளலாம். பெரிய காணொளி ஒன்றை அங்கே இறக்கினால் மற்ற நிரல்களுக்கு இடம் நெருக்கடியாகும். நினைவகம் தீர்ந்தால் கெர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்று இடம் தேடும். அப்படிக் கொன்றாலும் டெம்ப் கோப்புகள் பிடித்த இடம் திரும்பாது. கோப்பை அழித்தால்தான் திரும்பும். உச்சவரம்பே இல்லாத ராம்எஃப்எஸ்ஸை இதற்குப் பயன்படுத்துவது இன்னும் மோசம்.

ராமில் இருப்பதால் ரகசியம் பத்திரம் என்பதும் தவறான நம்பிக்கை. நெருக்கடி வந்தால் டெம்ப்எஃப்எஸ்ஸில் உள்ளவை ஸ்வாப் வழியாக வன்தட்டுக்கே போகும். கடவுச்சொல், அடையாள ஆவணம் போன்றவற்றைக் கையாளுகிறவர்கள் ஸ்வாப்பை மறையாக்கம் செய்தே ஆகவேண்டும். பலர் பயன்படுத்தும் சர்வரில் உங்கள் டெம்ப் கோப்பை மற்றவர் அழிக்க முடியாது. அனுமதி திறந்திருந்தால் படிக்க முடியும்.

உங்கள் கணினியில் நிலைமை என்ன என்பதை டிஎஃப் ஆணை காட்டிவிடும். எஃப்எஸ்டேப் கோப்பில் அளவைக் குறைத்து எழுதலாம். இந்த ஏற்பாடே வேண்டாமென்றால் சிஸ்டம்டியில் டெம்ப் மவுன்ட்டை மாஸ்க் செய்து, மறுதொடக்கம் செய்தால் போதும். பழையபடி வன்தட்டுக்கே திரும்பலாம். கணினி உங்களுடையது, அந்த முடிவும் உங்களுடையதே. அலுவலக சர்வர் என்றால் நிர்வாகியிடம் கேளுங்கள். டெபியன் 12-இலிருந்து மேம்படுத்தியவர்கள் டெம்ப்பில் இருந்த பழைய கோப்புகளைக் காணவில்லை என்று பதற வேண்டாம். அவை புதிய மவுன்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. மூல அடைவை வேறோர் இடத்தில் பைண்ட் மவுன்ட் செய்தால் எடுத்துவிடலாம்.

மறுதொடக்கத்துக்குப் பிறகும் தேவைப்படும் தற்காலிகக் கோப்புகளுக்கு வார் அடைவுக்குள் தனி டெம்ப் இருக்கிறது. அங்கேயும் டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவிய கணினிகளில் 30 நாள் பழைய கோப்புகள் தானாக அழிக்கப்படும். திருத்திக்கொண்டிருக்கும் ஆவணத்தை இன்றே உங்கள் ஹோம் அடைவில் சேமித்துவிடுங்கள்.