“சின்னப் பிள்ளைதானே” என்பது பதிலாகுமா?

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஒரு வலீமா விருந்தை நினைத்துப் பாருங்கள். ஸஹன் வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றி ஆறு பேர் அமர்ந்திருக்கின்றனர். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தந்தையின் மடியிலிருந்து எட்டி, எதிரே இருப்பவரின் பக்கத்திலுள்ள இறைச்சித் துண்டை எடுக்கிறான். சோற்றைக் கிளறுகிறான். பிறகு எழுந்து ஓடி, அடுத்த ஸஹனைத் தாண்டிக் குதிக்கிறான். கூட இருப்பவர்கள் முகம் சுளிக்காமலிருக்க முயல்கின்றனர். தந்தையோ சிரித்துக்கொண்டே, “சின்னப் பிள்ளைதானே” என்கிறார்.

இதே வார்த்தையை நாம் பஸ்ஸில் கேட்கிறோம். முன் ஆசனத்தில் இருப்பவரின் முதுகைப் பிள்ளை உதைத்துக்கொண்டே வரும்போது கேட்கிறோம். நோயாளிகள் உறங்கும் வைத்தியசாலை வாட்டில் கேட்கிறோம். கடையில் அடுக்கி வைத்த பொருள்கள் சரிந்து விழும்போது கேட்கிறோம். இந்த வார்த்தை சரியானதா? மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? இன்று நாம் சிந்திக்க வேண்டிய விடயம் இதுவே.

எழுதுகோல் யாருக்கு உயர்த்தப்பட்டது?

அந்த வார்த்தையில் ஓர் உண்மை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உறங்குபவர் விழிக்கும் வரை, சித்தசுவாதீனமற்றவர் தெளிவடையும் வரை, சிறுவர் பருவமடையும் வரை அவர்கள் மீது குற்றம் பதியப்படுவதில்லை. அபூதாவூதில் இடம்பெறும் ஹதீஸ் இது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளை பாவி அல்ல. அப்பிள்ளையின் ஏட்டில் ஒன்றும் எழுதப்படவில்லை.

ஆனால், அருகில் அமர்ந்திருக்கும் தந்தை பருவமடைந்தவர். அவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்படவில்லை. “சின்னப் பிள்ளைதானே” என்ற சொல் பிள்ளையை விடுவிக்கிறது, சொன்னவரை விடுவிக்கவில்லை.

நம்மில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர் என்றும், தத்தமது மந்தை பற்றி விசாரிக்கப்படுவோம் என்றும் நபியவர்கள் கூறிய ஹதீஸை அறியாதவர் இரார். இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதில் ஆண் தன் குடும்பத்தாருக்கும், பெண் தன் கணவரின் இல்லத்துக்கும் பிள்ளைகளுக்கும் மேய்ப்பாளராகக் குறிப்பிடப்படுகின்றனர். மேய்ப்பாளர் என்ற உவமையைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். வேலி பாய்ந்து அடுத்தவர் பயிரை மேய்ந்த ஆட்டை எவரும் விசாரிப்பதில்லை. ஆட்டுக்கு உரியவர் யார் என்றே கேட்பார்கள். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் வயலொன்றில் இறங்கி மேய்ந்த வழக்கில் நபி தாவூத் (அலை), நபி ஸுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்த செய்தியை ஸூரா அல்அன்பியாவின் 78ஆம் வசனம் நினைவூட்டுகிறது. வழக்கு ஆடுகள் மீதானதல்ல. அவற்றுக்கு உரியவர்கள் மீதானது.

பயிற்சி தொடங்கும் இடம் வீடு

பிள்ளை பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை பொது இடத்தில் உருவாவதில்லை. வீட்டில் உருவாகி வெளியே வந்து தெரிகிறது. இதற்கு அல்குர்ஆனிலேயே தெளிவான உதாரணம் உண்டு. ஸூரா அந்நூரின் 58ஆம் வசனத்தில், பருவமடையாத சிறுவர்கள் பெற்றோரின் அறைக்குள் நுழையுமுன் மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டுமென அல்லாஹு தஆலா விதிக்கிறான். பஜ்ருத் தொழுகைக்கு முன்னர், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாத் தொழுகைக்குப் பின்னர் ஆகியனவே அம்மூன்றுமாகும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒழுங்கு சிறுவர்களுக்குரியது; விளித்துப் பேசப்படுபவர்களோ விசுவாசிகளான பெரியவர்கள். எழுதுகோல் உயர்த்தப்பட்டவருக்குக் கற்பிக்கும் கடமை, உயர்த்தப்படாதவர் மீது சாட்டப்படுகிறது. மேலும் நாள் முழுவதும் பிள்ளையைக் கட்டிப்போடும்படி கூறப்படவில்லை. மூன்று நேரங்கள் மட்டுமே. அவற்றில் கதவைத் தட்டிக் காத்திருக்கப் பழகிய பிள்ளை, அடுத்த வீட்டின் கதவுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கும்.

லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசமும் அவ்வாறானதே. தவ்ஹீதில் தொடங்கி, தொழுகையைக் கூறி, பின்னர் மக்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருத்தல், பெருமையுடன் நடவாதிருத்தல், நடையில் நடுநிலை, குரலைத் தாழ்த்துதல் என்று அவ்வுபதேசம் நிறைவு பெறுகிறது. ஈமானையும் தெருவில் நடக்கும் முறையையும் ஒரே உபதேசத்தில் அவர் சேர்த்துவிட்டார். நாமோ பிள்ளைக்குச் சிறிய ஸூராக்களை மனனமிடச் செய்து மகிழ்கிறோம். பஸ்ஸில் உரத்துக் கத்தக்கூடாது என்பதையும் மார்க்கமாகக் கற்பிக்க மறந்துவிடுகிறோம்.

நபியவர்கள் திருத்திய முறை

கூட்டுத் தட்டில் கை அலையும் பிள்ளையை நபி (ஸல்) அவர்களும் கண்டிருக்கிறார்கள். அன்னாரின் பராமரிப்பில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா (ரழி) சிறுவராக இருந்தபோது, அவரது கை தட்டின் எல்லாப் பக்கமும் சென்றது. நபியவர்கள் கண்டும் காணாதது போல் இருக்கவுமில்லை, கையைத் தட்டிவிடவுமில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லுமாறும், வலக்கையால் உண்ணுமாறும், தனக்கு அருகிலிருப்பதை எடுக்குமாறும் மூன்றே விடயங்களைக் கூறினார்கள். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே இருந்ததாக அவர் பின்னர் அறிவிக்கிறார். செய்யக்கூடாததைச் சொல்லி நிறுத்தாமல் செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்ததன் பயன் அது.

மற்றொரு நிகழ்ச்சி. பேரர் ஹஸன் (ரழி) குழந்தையாக இருந்தபோது ஸதகாப் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். நபியவர்கள் உடனே தடுத்துத் துப்பச் செய்து, நம் குடும்பத்தார் ஸதகாவை உண்பதில்லை என்பதை அந்தக் குழந்தைக்கும் எடுத்துச் சொன்னார்கள். பேரன்தானே, ஒரு பழம்தானே என்று விட்டுவிடவில்லை. அடுத்தவருக்குரிய பொருள் குழந்தையின் வாய்க்குள் சென்றாலும் அடுத்தவருக்குரியதே.

மூன்றாவது நிகழ்ச்சி நம் விடயத்துக்கு மிக நெருக்கமானது. ராபிஉ பின் அம்ர் (ரழி) சிறுவராக இருந்தபோது அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களுக்குக் கல்லெறிந்தார். அவரைப் பிடித்து நபியவர்களிடம் கொண்டுவந்தனர். ஏன் எறிந்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். உண்பதற்காக என்றார் சிறுவர். கல்லெறிய வேண்டாம், கீழே விழுந்து கிடப்பதை உண்ணலாம் என்று வழிகாட்டி, தலையைத் தடவி, அவருடைய வயிறு நிறைய அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள்.

இதில் தோட்டக்காரரின் முறைப்பாடு ஏற்கப்பட்டது, கல்லெறிதல் தடுக்கப்பட்டது. அதே சமயம் சிறுவரின் பசியும் கேட்டறியப்பட்டது. பொது இடத்தில் அடம்பிடிக்கும் பிள்ளை பெரும்பாலும் பசித்திருக்கும், அல்லது தூக்கம் மிகைத்திருக்கும், அல்லது நெடுநேரம் ஓரிடத்தில் இருத்தப்பட்டிருக்கும். காரணத்தைக் கேட்ட பின்னர் திருத்துவது எளிதாகிறது.

கன்னத்தில் விழுந்த அடி

நேயர்களே! பெற்றோர் மட்டும் தவறுவதில்லை. இங்கே என் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் இமாமாகக் கடமையாற்றினேன். ரமழான் இரவொன்றில் தராவீஹ் தொழுகையின்போது பின் ஸஃப்பில் சிறுவர்கள் சிரித்து ஓடினர். ஸலாம் கொடுத்ததும் ஒலிவாங்கியை எடுத்து, பிள்ளைகளைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று கடுமையாகக் கூறினேன். ஒரு தந்தை எழுந்தார். ஸஃப்புகளைக் கடந்து பின்னால் சென்று, எட்டு வயது மகனின் கன்னத்தில் அறைந்தார். பள்ளிவாசல் முழுவதும் அமைதியாகிவிட்டது. மீதமிருந்த இரவுகளிலும் அமைதி நிலவியது. நானும் திருப்தியடைந்தேன்.

பெருநாளுக்குப் பின் அந்தச் சிறுவனைத் தெருவில் கண்டு, ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று கேட்டேன். “பள்ளிக்கு வந்தா வாப்பா அடிப்பாரு ஹஸரத்” என்றான். பள்ளிவாசலை அடி விழும் இடமாக ஒரு பிள்ளையின் உள்ளத்தில் பதித்ததில் அந்தத் தந்தைக்கு ஒரு பங்கு. எனக்கு ஒரு பங்கு. அடுத்த ரமழானில் தந்தையர் தம் மகனைத் தம் அருகிலேயே நிறுத்திக்கொள்ளும்படி வேண்டினேன். தொழுகையின் செயல்களைக் கற்றுக்கொள்வதற்காக இரு ஆண்களுக்கிடையே ஒரு சிறுவனை நிறுத்தலாம் என்ற கருத்து ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலும் உண்டு. சத்தம் பெருமளவு குறைந்தது. அந்தச் சிறுவனும் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று இஹ்யாவில் எழுதுகிறார்கள். பிள்ளை ஒருமுறை தவறினால் அதைப் பகிரங்கப்படுத்தாது விட வேண்டும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். எந்நேரமும் கண்டித்தால் கண்டனத்தைக் கேட்பது பிள்ளைக்கு இலேசாகிவிடும் என்று அவர்கள் எச்சரிக்கிறார்கள். பலர் முன்னிலையில் அறைவது பிள்ளையைத் திருத்துவதற்கன்று. அது பெரும்பாலும் நம் வெட்கத்தை மறைப்பதற்கே.

இழப்புக்கு யார் பொறுப்பு?

பிள்ளை கடையில் ஒரு பாத்திரத்தை உடைத்துவிட்டால் சட்டம் என்ன? பாவம் இல்லை என்பதால் நஷ்டஈடும் இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. அடுத்தவரின் உடைமையை அழித்ததற்கான ஈடு பிள்ளையின் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பதே மார்க்க அறிஞர் பெரும்பாலோரின் தீர்ப்பு. பிள்ளைக்கு அப்போது சொத்து இல்லையெனில் அது பிள்ளையின் மேல் கடனாக நிற்கும். அருமை மகன் மீது கடனொன்று நிற்பதை எந்தத் தந்தைதான் விரும்புவார்? கடைக்காரர் கேட்குமுன் தாமே கொடுத்துவிடுவதுதான் பண்பு.

கொடுக்கும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தன் வாயால் மன்னிப்புக் கேட்கட்டும். உடைந்தது சிங்களச் சகோதரரின் கடையிலாயினும், மாங்காய் பறித்தது தமிழ்ச் சகோதரரின் வளவிலாயினும் சட்டம் ஒன்றே. பல சமயத்தவர் கலந்து வாழும் நம் நாட்டில், நம் பிள்ளையின் நடத்தையைக் கொண்டே நம் வீட்டை அயலவர் அறிந்துகொள்கின்றனர்.

பார்த்திருப்போரின் கடமை

பிள்ளைகளைப் பொது இடங்களிலிருந்து விரட்டுவது இதற்குத் தீர்வாகாது. நபியவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறு தொழுதார்கள். ஸுஜூதுக்குச் செல்கையில் இறக்கி, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். தொழுகையை நீட்ட எண்ணி நிற்கையில் குழந்தையின் அழுகை கேட்டால், தாயின் மனவேதனையை எண்ணிச் சுருக்கிக்கொள்வார்கள். எனவே பிள்ளை அழுவதும் அசைவதும் குற்றமல்ல. அவற்றைப் பொறுத்துக்கொள்வது சபையோரின் கடமை. ஓட்டிசம் போன்ற நிலையுடைய பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். அப்பிள்ளை கத்தும்போது தாயின் வளர்ப்பைக் குறை கூறுவது கொடுமையாகும். அவருக்கு இடம்விட்டு உதவுவதே ஈமானின் அழகு.

பெற்றோரே! வெளியே புறப்படுமுன் செல்லுமிடம் எது, அங்கே எப்படி இருக்க வேண்டும் என்பதை இரண்டு வார்த்தைகளில் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பசியாற்றி அழைத்துச் செல்லுங்கள். சென்ற இடத்தில் கைத்தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்து மறந்துவிடாமல், உங்கள் கண் பிள்ளையின் மீது இருக்கட்டும். தவறு நேர்ந்தால் அருகில் சென்று, குனிந்து, மெதுவாகத் தடுங்கள். கேட்காவிட்டால் சற்றே வெளியே அழைத்துச் செல்லுங்கள். பாதிக்கப்பட்டவரிடம் நீங்களே முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அதைக் காணும் பிள்ளை தானும் கேட்கக் கற்றுக்கொள்ளும்.

“சின்னப் பிள்ளைதானே” என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உண்டு. அவர் அதைச் சொன்னால் அது மன்னிப்பு. நாம் சொல்ல வேண்டியதோ, “மன்னித்துக்கொள்ளுங்கள், நான் கவனித்திருக்க வேண்டும்” என்பதாகும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், அயலவருக்கு நன்மையாகவும் ஆக்கி வைப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணும் பொறுமையை நமக்கு வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.