மூட்டு ஆபரேஷனுக்குப் பின் குறையாத வலி

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கபடி ஆடி முழங்காலைத் திருகிக்கொண்ட பையன்களைக் கேட்டால், "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்பார்கள். ஸ்கேனில் அது உறுதியானதும் ஆபரேஷன் பேச்சு வரும். "ரெண்டு ஓட்டைதான், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்" என்ற ஆறுதலும் கூடவே வரும். அதில் பாதிதான் உண்மை. தோலில் விழும் துளைதான் சிறியது. உள்ளே நடப்பது முழு அறுவை சிகிச்சை.

பெரும்பாலும் தொடையில் காற்றுப் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். மூட்டுக்குள் உப்புநீரைச் செலுத்தி இடத்தை விரித்து, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுழைப்பார்கள். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி ஓர் இறந்த உடலின் முழங்காலுக்குள் சிறுநீர்ப்பை பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்ததில் தொடங்கிய நுண்துளை அறுவை முறை இது.

பொதுவாகப் பாதுகாப்பான முறைதான். இங்கிலாந்தில் 20 ஆண்டுகளில் நடந்த சுமார் 7 லட்சம் குருத்தெலும்பு நுண்துளை அறுவைகளை அலசிய ஆய்வு 2018இல் 'லான்செட்' இதழில் வந்தது. 90 நாட்களுக்குள் கடுமையான சிக்கல் வந்தது 1,000 பேரில் சுமார் 3 பேருக்கு. மூட்டில் சீழ் வைப்பதும், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பதும் அவற்றில் முக்கியமானவை.

அந்த எண்ணிக்கையைக் கேட்டு அசட்டையாக இருந்துவிட முடியாது. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர், பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் ஜவ்வுக்கு நுண்துளை அறுவை செய்துகொண்டார். அதன்பின் போட்ட அழுத்தக் கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டதாக அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தெரிவித்தார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காலையே அகற்ற வேண்டியதாயிற்று. நவம்பர் 15ஆம் தேதி அந்தப் பெண் இறந்தார். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

ஒரு கட்டு எப்படி உயிரை எடுக்கும்? முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாக, எளிதில் விரியாத உறைக்குள் இருக்கின்றன. உள்ளே வீக்கமோ கசிந்த நீரோ சேர்ந்தாலும், வெளியே கட்டு இறுகினாலும் அழுத்தம் ஏறி நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். பாதத்தில் நாடி அடித்துக்கொண்டே இருக்கலாம், அதுதான் ஏமாற்றுவது. சுமார் 6 மணி நேரம் கடந்தால் தசை மீளாமல் சாகத் தொடங்கும். செத்த தசையிலிருந்து வெளிப்படும் பொட்டாசியம் இதயத்தையும், மயோகுளோபின் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இதன் முதல் அறிகுறி வலிதான். வலி மாத்திரைக்கு அடங்காமல் மணிக்கு மணி ஏறும் வலி. கால் விரல்களை யாராவது மெல்ல நிமிர்த்தினாலே அலற வைக்கும் வலி. கெண்டைக்கால் கல்லாக இறுகும், பாதம் மரத்துப்போகும். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு இந்த வலியை மறைத்துவிடும் என்பதால், முதல் இரவில் செவிலியர் அடிக்கடி வந்து பார்ப்பது அவசியம். "ஆபரேஷன் பண்ணா வலிக்கத்தான் செய்யும்மா" என்று நோயாளியை அடக்குவது ஆபத்து. உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். தேவைப்பட்டால் தசை உறையைக் கீறி அழுத்தத்தை இறக்க வேண்டும்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியைச் சந்தேகியுங்கள். காய்ச்சலோடு முழங்கால் சூடாகிச் சிவந்தால் சீழ் வைத்திருக்கலாம்.

வயதானவர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கு இந்த அறுவையே வேண்டாம் என்று 2017இல் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல் உறுதியாகச் சொல்கிறது.

சென்னையில் ஆபரேஷன் முடித்து ஊர் திரும்புகிறவர்கள், டிஸ்சார்ஜ் சீட்டில் ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலி அடங்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அன்றிரவே போய்விடுங்கள்.